தையல் மிஷினில் எழுதிய என் பெயர்

எபிநேசர் அண்ணன் காலமான செய்தி வந்தபோது, கரையான்சாவடிக் கடையில் ஒருவருக்குப் பெயிண்ட் கலந்துகொண்டிருந்தேன். போனில் அவர் மகள். "மாமா, அப்பா போயிட்டாரு" என்றாள். வந்தவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்தேன். வியாபார நேரத்தில் நான் கடை அடைப்பவன் அல்ல என்பது சபையார் அறிந்ததே.

ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அண்ணன். நம் பருத்திப்பட்டு சபையின் உதவிக் குழுவை நடத்தியவர் அவர். பணம் போடுகிறவர்களில் நான் ஒருவன். நானூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போன பியூரிட்டன் கிறிஸ்தவர்களைப் பற்றி அவர் பேசிக் கேட்காதவர்கள் நம்மில் யாரும் இல்லை.

"அவங்களுக்கு தர்மம்னா தூக்கிப் போடறது இல்ல நைனா. சபைன்னா ஒரே உடம்பு. கால்ல குத்துன முள்ளைக் கை எடுக்குது. அதுக்குக் காலு மேடையேறி நன்றி சொல்லுதா?"

நான் விடமாட்டேன். "வெளியூர் ஏழை வந்தா ஊரை உட்டே தொரத்துனாங்கன்னும் நீங்கதானே சொன்னீங்க? இன்னிக்கு நம்மாளு முகம் தெரியாத ஊருக்குப் போன்லயே வெள்ள நிவாரணம் அனுப்புறான். எந்த சபைன்னு கேக்குறானா?"

"அதுல நீ ஜெயிச்ச" என்று சிரிப்பார். "அனுப்பிட்டு, பக்கத்து ஊட்ல அடுப்பு எரியுதான்னு எட்டிப் பாக்குறானா? அதுல அவங்க ஜெயிச்சாங்க."

ஒரு கிறிஸ்துமஸுக்கு, கணவனை இழந்த ரூபிக்கு நான் தையல் மிஷின் வாங்கிக் கொடுத்தேன். 'அன்பளிப்பு' என்று என் பெயரையும் கடைப் பெயரையும் சிவப்பு பெயிண்டில் எழுதி, மேடையில் வைத்துப் போட்டோவும் எடுத்தோம். அவளுக்குப் பிழைப்பு, எனக்கு விளம்பரம், யாருக்கு நஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

பொங்கல் முடிந்து அண்ணன் கடைக்கு வந்தார். "ரூபி மிஷினைத் திருப்பித் தரேங்குது."

எனக்குச் சுரீரென்றது. "ஏன், அதுல இன்னா கொறை கீது?"

"மிஷின்ல கொறை இல்ல. தைக்க வர்றவங்க உன் பேரைப் படிக்கிறாங்க. 'சும்மா வந்த மிஷின்தானே, கூலியைக் கொறைச்சுக்கோ'ங்கறாங்க. ரெண்டு புள்ளைங்கள வச்சுகினு அது எப்படிப் பொழைக்கும்?"

வியாபாரிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. விற்பவளின் விலையை அவள் வீட்டுக்குள்ளேயே நான் இறக்கிவிட்டிருந்தேன்.

"கடைப் பையனை அனுப்பி அழிச்சிடறேண்ணே."

"நீயே போ. ஜன்னலுக்கு ஸ்கிரீன் துணியும் எடுத்துகினு போ. முன்னால ஆளு இருந்தா உக்காந்து காத்திரு."

போனேன். முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் தின்னரில் துணியை நனைத்து என் பெயரை நானே துடைத்தேன். அடியிலிருந்த கறுப்பும் கொஞ்சம் மங்கிவிட்டது. என் முறை வந்ததும் ரூபி துணியை அளந்து கூலி சொன்னாள்.

பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை. "கொஞ்சம் பார்த்துப் போடும்மா."

"மிஷின் என்னுதுண்ணே. கூலி அவ்ளோதான்."

அந்தப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தேன். மிஷின் திரும்பி வரவில்லை.

அண்ணனிடம் சொன்னபோது இருமல் வரும்வரை சிரித்தார். "இப்பதான்டா நீ அவளுக்கு மிஷினைக் குடுத்த."

பெயராசை எனக்கு அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். வரும் கிறிஸ்துமஸுக்கும் மேடை, போட்டோ என்று குழுவில் பேச்சு அடிபடுகிறது. வேண்டாம் என்று இனி நான்தான் எழுந்து சொல்லியாக வேண்டும். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: கொடுத்த வீட்டுக்கு வாடிக்கையாளனாகப் போய், என் முறை வரும்வரை உட்கார்ந்திருப்பது.