கல்யாண வண்டியில் வந்த ஸ்காலர்ஷிப்

மூன்று வருஷம் ஒரே ஸ்காலர்ஷிப்புக்காக ஜெபித்தேன். இரண்டு தடவை இல்லை என்றார்கள். மூன்றாவது தடவை நேர்முகத்துக்குக் கூப்பிட்ட அன்றைக்குக் கேரளம் முழுக்க ஹர்த்தால், கடையும் வண்டியும் ஓடாத பந்த். ஆண்டவர் என்னோடு விளையாடுகிறாரோ என்றுதான் நினைத்தேன். அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை.

என் பேர் எஸ்தர். அப்பா அம்மாவுக்கு நாகர்கோவில் பக்கம். நான் பிறந்து வளர்ந்தது கொச்சி மட்டாஞ்சேரி. பள்ளியில் மலையாளம்தான் படித்தேன், என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது ரோபோ ஆராய்ச்சி மாணவி. மீனை எடுத்து அடுக்குகிற ஒரு ரோபோ கை செய்கிறேன். அதற்கு ரப்பர் விரல்கள். காற்று அடைத்தால் மடங்கும். ஒரு மத்தி மீனை நசுக்காமல் தூக்கித் தட்டில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ரோபோ, ஆட்டோமேஷன் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கென்றே உள்ள ஸ்காலர்ஷிப் அது. அது இல்லாமல் என்னால் தொடர முடியாது. இந்த வருஷத்தோடு எனக்கு வயசு வரம்பும் முடிகிறது. அப்பா முடிவே பண்ணிவிட்டார். “இந்தத் தடவையும் கெடைக்கலேன்னா கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி வேலைக்குப் போயிரு மக்ளே.”

இரண்டு தடவையும் நேர்முகக் குழுவில் கேட்ட கேள்வி ஒன்றுதான். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, நாலு பேர் நடமாடுகிற இடத்தில் இதைச் சோதித்தாயா? சோதிக்க விட்டால்தானே! தோப்பும்படி மீன் துறைமுகத்துக்கு எத்தனை நடை நடந்தேன். ஒருவர் அடுத்தவரைப் பார்க்கச் சொல்வார். அடுத்தவர் மழைக்கால மீன்பிடித் தடை முடியட்டும் என்பார். தடை முடிந்தால், இப்போது சீசன், நேரமில்லை என்பார். மீன் தரம் பிரிக்கிற அக்காமார், “எங்க கஞ்சியில கை வைக்கவா வந்தே?” என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. “ஆண்டவரே, துறைமுகத்தைத் திறந்துவிடும்” என்று மாசக்கணக்கில் கேட்டேன். திறக்கவில்லை.

எங்கள் ஜெபக்கூட்டத்தில் ராஜம் அக்கா எனக்காக உருகி ஜெபிப்பார். “இந்தப் பிள்ளையை ரோபோ வியாதியிலிருந்து விடுவியும்” என்றார் ஒரு நாள்.

“அக்கா, அது வியாதி இல்லை. என் படிப்பு.”

“எல்லாம் சரியாயிரும் மோளே” என்று தலையைத் தடவினார். அடுத்த வாரமும் அதே ஜெபம்.

நகரத்தின் மறுபக்கம் வைட்டிலாவில் நேர்முகம் நடக்கிற வாரத்தில்தான் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா சுஹரா இத்தாவின் மகளுக்குக் கல்யாணம். விடிந்தால் ஸ்பீக்கரில் பாட்டு. ரப்பர் விரலில் எங்கேயோ காற்றுக் கசிகிறது, காதை வைத்துக் கேட்டால்தான் தெரியும், இங்கே காதே அடைத்துப் போகிறது. “கரண்டாவது போகட்டும் ஆண்டவரே” என்று ஜெபித்தேன். போனது. எங்கள் வீட்டில் மட்டும்.

ஒரு வழியாகக் கசிவை அடைத்தேன், நேர்முகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹர்த்தால் அறிவித்தார்கள். ஸ்காலர்ஷிப் அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன். “குழு வெளியூர்லேர்ந்து வந்தாச்சு. தேதி மாத்த முடியாது. கையை நேர்ல கொண்டுவந்து காட்டணும்.” ஆட்டோக்காரர்கள் வரமாட்டோம் என்றார்கள். “ஹர்த்தாலை நிறுத்தும் ஆண்டவரே” என்று ராத்திரி ஜெபித்தேன். படகு ஓடும் என்று யாரோ சொன்னார்கள், காலையில் போய்ப் பார்த்தால் படகுத்துறை கேட்டில் பூட்டு. இரும்பு ஸ்டாண்டும் காற்று பம்பும் ஸ்கூட்டரில் ஏறாது.

வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டேன். அது ஜெபம் இல்லை, சண்டை. “வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிரும். ஏன் இப்படி இழுத்தடிக்கிறீர்?”

அம்மா அடுக்களையிலிருந்து, “ஆண்டவர்கிட்ட இப்படியா பேசுவே?” என்றாள்.

“வேற யார்கிட்ட போய்ப் பேச?”

ரோபோ கை இருந்த பெட்டியை வாசலில் இழுத்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் தானாக வந்தது. பட்டுச் சேலையில் அந்தப் பக்கம் போன சுஹரா இத்தா நின்றார். எங்களோடு பேசிப் பேசி அவருக்குப் பாதி தமிழ். விஷயத்தைச் சொன்னேன்.

“எங்க மண்டபமும் வைட்டிலாதானே? கல்யாண வண்டியை ஆரும் தடுக்கமாட்டான். ஏறு மோளே.”

முன்கண்ணாடியில் கல்யாணம் என்று பெரிதாக எழுதி ஒட்டிய பஸ். உள்ளே அத்தரும் மல்லிகைப்பூவும் மணக்கிறது. நடுவில் என் ஐஸ் பெட்டி, அதற்குள் குழுவுக்குத் தூக்கிக் காட்ட வாங்கிய மத்தி மீன். பெண்கள் ஒவ்வொருவராக முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

தோப்பும்படி பாலத்துக்கு முன்னால் ஹர்த்தால்காரர்கள் மறித்தார்கள். மணப்பெண்ணின் கார் ஏற்கெனவே போய்விட்டது. கொடி பிடித்த ஒருவர் உள்ளே ஏறி ஐஸ் பெட்டியைத் திறந்தார்.

“கல்யாணத்துக்கு எவனாவது மத்தி கொண்டு போவானா? இது கல்யாண வண்டியே இல்ல. திருப்பு!”

இத்தாவின் முகம் வெளிறிவிட்டது. மகள் அங்கே மண்டபத்தில், தாய் இங்கே ரோட்டில். என்னால். நான் இறங்கினேன்.

“சேட்டா, கல்யாணம் உண்மை. நான்தான் கல்யாணத்துக்காரி இல்லை. இது ரோபோ கை. மீனைத் தூக்கும். நம்பலேன்னா காட்டறேன்.”

வெயிலில், ரோட்டோரத்தில் ஸ்டாண்டை நிறுத்தினேன். “ஆண்டவரே” என்று மட்டும் சொல்லிப் பேட்டரி பம்பைப் போட்டேன். முதல் மீன் வழுக்கித் தாரில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். அடுத்த மீனுக்கு விரல்கள் மடங்கின. தூக்கின. பிடித்தபடியே திரும்பித் தட்டில் வைத்தன. செதில்கூட உதிரவில்லை.

“இன்னொண்ணு” என்றார் கொடிக்காரர். இன்னொன்று தூக்கியது. பிறகு இன்னொன்று. கூட்டம் கூடிவிட்டது. விடவே மாட்டேன் என்கிறார்கள்! “எனக்கு இன்டர்வியூ இருக்கு சேட்டா!” என்று கத்தியே விட்டேன். அப்புறம்தான் வழி விட்டார்கள். கல்யாண வீடியோ எடுக்க வந்த தம்பி எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தார். வெலிங்டன் தீவு தாண்டும்போதே என் போனுக்கு அனுப்பினார்.

குழுவின் முன்னால் போய் நின்றேன். அதே கேள்வி. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே சோதித்தாயா?

ரோட்டில் நடந்தது இந்தச் சோதனைதான் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. போனை எடுத்துக் காட்டினேன். வெயில், தூசி, கூட்டம். விழுந்த மீன், விழாத மீன். திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்கள். குழுத் தலைவராக இருந்த பெண்மணி கேட்டார், “பின்னாடி நிக்கறவங்க எல்லாம் ஏன் பட்டுச் சேலையில இருக்காங்க?” சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுகையும் வந்தது.

சில வாரம் கழித்து ஸ்காலர்ஷிப் உறுதியானது. அப்பா போனைக் கையில் எடுத்தார். பிறகு, “கோயம்புத்தூர்க்காரன்கிட்ட வரலேன்னு சொல்லிருதேன்” என்றார்.

நான் துறைமுகத்தைக் கேட்டேன். அவர் ரோட்டைக் கொடுத்தார். ஹர்த்தாலை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் ஆட்டோ பிடித்து நேராகப் போய், அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்லி, மூன்றாவது தடவையும் வெறுங்கையோடு திரும்பியிருப்பேன். இதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன். இப்போதும் எனக்குக் கோபம் வரும். ஆனால் எந்த வழியாகச் செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டேன்.

கேட்டுக் கேட்டுச் சலித்துப் போய் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். அந்தச் சலிப்போடேயே முழங்கால் போடுங்கள். மரியாதையாகப் பேச வரவில்லையா, பரவாயில்லை, எனக்கும் வரவில்லை. சண்டை போட வந்த என்னை அவர் வெளியே தள்ளவில்லை. உங்களையும் தள்ளமாட்டார். கேளுங்கள்.