டீச்சர் வீட்டுக் குருவி

பக்கத்து வீட்டு டீச்சர் தன் கொல்லையைப் பெருக்கி நான் பார்த்ததே இல்லை. வேம்பும் புங்கையும் கொட்டிய சருகு ஐப்பசி மழையில் ஊறி, கார்த்திகையில் மக்கி, மார்கழியில் கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். நடுவில் துணி துவைக்கிற கல் மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அவர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர், ஐம்பதைத் தாண்டியவர், ஒண்டிக்கட்டை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஈசிசேரும் புத்தகமுமாகப் பின்வாசலில் உட்கார்ந்துவிடுவார். அவரைப் பற்றி வேறு குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்தக் குருவி வரும்வரை இதைக்கூட நான் குறையாகச் சொன்னதில்லை. மனசுக்குள் சிரித்துக்கொண்டதோடு சரி.

நான் அப்படி இல்லை. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைக்கிற களத்தைப் பெருக்கிப் பெருக்கி வளர்ந்த கை இது. எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். பின்னால் மலை. ராத்திரிக் காற்று மலையிலிருந்து ஒரு வண்டிச் சருகை இறக்கிவிட்டுப் போகும். விடிவதற்குள் அத்தனையையும் வாரிக் குழியில் கொட்டி, சாணி தெளித்து, பின்வாசலிலும் ஒரு சின்னக் கோலம் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். “இவ கொல்லையில சோத்தக் கொட்டித் தின்னலாம்” என்று என் மாமியார் ஒருமுறை சொன்னார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது. அதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரருக்குத் தேரடித் தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பழைய கேமரா ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் அதைத் துணியால் துடைப்பார், கண்ணில் வைத்துப் பார்ப்பார், மறுபடியும் துடைப்பார். கல்யாணத்தன்று எடுத்ததோடு சரி, அதற்குப் பிறகு அந்த மனுஷன் என்னை ஒரு படம் எடுக்கவில்லை.

நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம் டீச்சர் மதில்மேல் தலையை நீட்டினார்.

“தம்பி, சத்தம் போடாம இப்பிடி வாங்க. ஒரு குருவி வந்திருக்குது. நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க.”

என்னையும்தான் கூப்பிட்டார். இருவரும் போனோம். அவர் வீட்டுச் சருகுக்கு நடுவே, வால் அறுந்துபோனதுபோல ஒரு குட்டையான பறவை தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தது. மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது. முதுகு பச்சை, தோளில் ஒரு நீலம், கழுத்தில் வெள்ளை, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, மார்பு சந்தனம். அது திரும்பியபோது வாலுக்கு அடியில் குங்குமத்தை அப்பியது மாதிரி ஒரு சிவப்பு. ஆறுமணிக் குருவி என்றார் டீச்சர். வடக்கே குளிர் ஜாஸ்தியானால் இங்கே வந்து, பங்குனி வெயில் தொடங்கினதும் போய்விடுமாம். விடியும்போதும் பொழுது சாயும்போதும் விசில் அடிக்கிற மாதிரி கூப்பிடுமாம்.

என் வீட்டுக்காரர் மூச்சுகூட விடவில்லை. அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன்பு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன், பெண் பார்க்க வந்த அன்றைக்கு.

அடுத்த நாளே டீச்சர் வீட்டுக் கொல்லையில் இரண்டு மூங்கில் நட்டு ஒரு கோணிப்பையைத் தொங்கவிட்டார். அதில் ஒரு ஓட்டை. ஓட்டையில் கேமரா. விடியற்காலையில் எழுந்து, மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, பல்லைக்கூடத் தேய்க்காமல் அங்கே போய்க் குந்திக்கொள்வார். டீச்சர் அவருக்குக் காபி கொடுப்பார். நான் போட்ட காபி இங்கே ஆறிக்கொண்டிருக்கும்.

எனக்கு வயிறு எரிந்தது. டீச்சர்மேல் தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை, அவருக்கு என் அம்மா வயது. எரிச்சல் எல்லாம் அந்தக் குருவியின்மேல்தான். பளிச்சென்று கோலம் போட்ட ஒரு கொல்லை சுவருக்கு இந்தப் பக்கம் இருக்க, அந்தக் குப்பையில் அதற்கு என்ன வேலை? நம் வீட்டுக்கு வரவைத்தால் இவரும் நம் வீட்டிலேயே குந்துவார் இல்லையா. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வரவைக்க என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். வழக்கத்தைவிட இன்னும் ஒரு தடவை பெருக்கினேன். நொய்யரிசி தூவினேன். மல்லாட்டையை உடைத்துப் போட்டேன். மண்சட்டியில் தண்ணீர் வைத்தேன். வந்தார்கள், ஊரே வந்தது. சிட்டுக்குருவி, காக்காய், மைனா, கூட்டமாகக் கத்துகிற தவிட்டுக்குருவி, இரண்டு அணில், கடைசியில் மலையிலிருந்து ஒரு குரங்குக் குடும்பம். குரங்கு சட்டியை உடைத்து முருங்கையையும் முறித்துவிட்டுப் போனது. குருவி மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

“இந்த அணிலயாவது ஒரு போட்டோ புடிங்களேன், எவ்ளோ அழகா குந்தினு தின்னுது!” என்றேன்.

“அணில் எங்கதான் இல்ல?” என்றார். “பிலிம் கம்மியா இருக்குது.”

அப்புறம்தான் எனக்குக் கறையான் ஞாபகம் வந்தது. பிறந்த வீட்டில் கோழிக்குஞ்சுகளுக்குப் பிடிப்போம். உடைந்த பானையில் காய்ந்த சாணியும் கந்தல் சாக்கும் அடைத்து, தண்ணீர் தெளித்து, கறையான் ஓடுகிற இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வைத்தால், காலையில் பானை முழுக்க நெளியும். பூச்சி தின்கிற குருவிக்கு அரிசியை வைத்தால் எப்படி வரும் என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டு பானையைத் தயார் செய்தேன். மறுநாள் காலையில் பெருக்கி முடித்து, மெழுகின தரையின் நடுவில் கறையானைத் தட்டப்போகும்போது இவர் வந்து எட்டிப் பார்த்தார்.

“அட, இது எனக்குத் தோணலையே! குடு குடு” என்று பானையை வாங்கிக்கொண்டு ஓடினார். எங்கே ஓடினார் என்று சொல்ல வேண்டியதில்லை. என் பானை, நான் பொறுக்கின சாணி, என் ஊர் முறையில் பிடித்த கறையான். அந்தக் குருவி அதைத் தின்றுவிட்டு டீச்சர் வீட்டிலேயே நின்று படத்துக்கு முகம் காட்டியது.

அந்தப் படத்தை ஸ்டுடியோவில் பெரிதாகக் கழுவிச் சட்டம் போட்டு டீச்சருக்குக் கொடுத்தார். அது அவர் வீட்டு முன் அறையில் தொங்கியது. கறுப்பு வெள்ளைப் படம். அத்தனை வண்ணமும் போய்ச் சாம்பல் பூசின கோழிக்குஞ்சாகத் தெரிந்தது. கால் இரண்டும் சருகுக்குள் புதைந்திருந்தன. வந்தவர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்றார்கள். நானும் சொல்லிவைத்தேன்.

பொங்கலன்று டீச்சருக்குச் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு போனேன். அவர் உள்ளே இருந்தார். நான் பின்வாசலில் நின்று அந்தக் குருவியை முறைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு சருகை அலகால் கவ்வித் தூக்கிப் போட்டது. அடியில் ஈர மண்ணில் ஒரு புழு. தின்றது. அடுத்த சருகு. அதற்கடியிலும் ஏதோ. அதற்கு வேண்டியது டீச்சரும் இல்லை, என் பானையும் இல்லை. குப்பை. நான் தினமும் விடிவதற்குள் இடுப்பொடிய வாரிக் குழியில் கொட்டுவதுதான் அதன் சாப்பாட்டு இலை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடுவார்.

அடுத்த ஐப்பசியில் முதல் மழை விழுந்த அன்றைக்குக் கொல்லையைப் பெருக்குவதை நிறுத்தினேன். எழுத எளிதாக இருக்கிறது. அப்போது கை பரபரத்தது. சருகு விழும் சத்தம் கேட்டாலே உடம்பு எழுந்து நிற்கும். கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். கார்த்திகை தீபத்துக்கு இவர் வீட்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். நாத்தனார் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு, திறந்த கதவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னாடி இது, ஆள் இருக்கற வீடா, பாழடஞ்ச வீடா?”

மாமியார் பார்த்த பார்வையிலேயே அந்தப் பழைய நல்ல வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எல்லோரும் மலைமேல் தீபத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபோது, அந்தச் சனியன் பிடித்த குருவி நம் வீட்டுக்கு வரட்டும் என்றுதான் நான் கும்பிட்டேன்.

குருவி வந்தது. டீச்சர் வீட்டுக்குத்தான் முதலில் வந்தது. இவர் அந்த வருஷம் வண்ண பிலிம் ஒன்று வாங்கி வைத்திருந்தார். மெட்ராஸுக்கு அனுப்பித்தான் கழுவ வேண்டும், அவ்வளவு உசத்தி. கோணிப்பை மறுபடி ஏறியது. இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் இவர் சமையலறைக்கு வந்து, “அந்தத் தொடப்பத்த எடு” என்றார்.

“எதுக்குங்க?”

“சருகு குருவியோட கால மறைக்குது. போன வருஷப் படமே அதனாலதான் கெட்டுது. டீச்சர் கொல்லையைக் கொஞ்சம் பெருக்கிட்டா பளிச்சுனு விழும்.”

நான் துடைப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு துரும்பை எடுத்துப் போடாத மனுஷன். நான் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அந்தத் துடைப்பம் எங்கே இருக்கிறது என்று இவருக்குத் தெரியாது. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூலை முடுக்கு விடாமல் பெருக்கிக்கொண்டிருந்தார். “போதும் தம்பி, விடுங்க” என்று டீச்சர் கூச்சப்பட்டார். இவர் விடவில்லை. பெருக்கின இடத்துக்கு அது வராது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

மறுநாள் விடியற்காலையில் நான் பின்கதவைத் திறந்தேன். கிணற்றடிக்குப் பக்கத்தில், என் சருகில், அது நின்றுகொண்டிருந்தது. சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் அப்படியே. நான் படியில் மெல்ல உட்கார்ந்தேன். அது என்னைப் பார்த்தது, பிறகு ஒரு சருகைப் புரட்டியது. ஒருமுறை கூப்பிட்டும் காட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் கோணிப்பைக்குப் பின்னாலிருந்து இவர் குரல் கேட்டது.

“சத்தம் இருக்குது டீச்சர், ஆளக் காணோம்.”

“வேப்பமரத்துல பாருங்க தம்பி.”

பார்த்திருப்பார். எத்தனையோ நாள் பார்த்தார். வண்ண பிலிம் கேமராவுக்குள்ளேயே கிடந்தது. தினமும் விடியும்போது நானும் குருவியும் இந்தப் பக்கம், அவரும் டீச்சரும் அந்தப் பக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடைசியில் ஏதோ மனசில் பட்டவர்போல, என் கொல்லை வாசலில் வந்து நின்றார். சருகை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

“உனக்கு ஒடம்புக்கு முடியலையா? நானும் கவனிக்காம இருந்துட்டேன். தொடப்பத்தக் குடு, நானே பெருக்கிடறேன்.”

இப்படி ஒரு வார்த்தைக்காக நான் எவ்வளவு நாள் ஏங்கியிருப்பேன். அது துடைப்பத்தோடுதானா வர வேண்டும்? ஒரு விநாடி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் நாளைக்கே கோணிப்பை இங்கே வந்துவிடும், கேமரா வரும், அவரும் வருவார். நான் கேட்டது அதுதானே. ஆனால் அவர் குருவிக்காக வருவார். சுவர் தாண்டி டீச்சரும் வந்து பார்ப்பார். சட்டம் போட்ட படம் மறுபடியும் அங்கே போய்த் தொங்கும்.

“எனக்கு ஒண்ணும் இல்ல” என்றேன். “டீச்சர் வீட்ல போய்ப் பெருக்குங்க. அங்கதான் நேத்து ராத்திரிக் காத்துக்கு நெறைய விழுந்திருக்குது.”

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. “ஆமால்ல?” என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பெருக்குகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் குருவி வந்து சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. நான் அவரைக் கூப்பிடவில்லை.