வேட்டைக்காரரின் காலுறை

ரூ பெர்தொனே என்ற தெருவில் மழைக்கு என்னருகே ஒதுங்கியவரின் நனைந்த கம்பளிக் காலுறை மணத்தது. உடனே என் கால்கள் அரித்தன.

சிறுவயதில், பியர்ஃபித் புறநகரில் இருந்த எங்கள் வீட்டில், வேட்டைக்காரர் அணியும் நீளக் கம்பளிக் காலுறைகளின் விரல்முனையை அம்மா கூலிக்கு ஊசியால் கண்ணி கண்ணியாகக் கோத்து மூடுவார். கொதிக்கும் கோடையிலும் ஒவ்வொரு சோடியையும் நான்தான் போட்டு நடந்து காட்ட வேண்டும்.

"விரலிலை உறுத்துதோ?"

"இல்லை, விடுங்கோ அம்மா!"

"முகத்தைச் சுளிக்கிறாய். கழட்டு, அவிட்டுத் திரும்பக் கோக்கிறன்."

வாசலில் தோழிகள் காத்திருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வேட்டைக்காரன்ரை கால் நொந்தால் உங்களுக்கென்ன?" என்று கத்தினேன்.

அம்மா ஊசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"இடம்பெயர்ந்து வரேக்கை கொப்பளக் காலோடை நடந்தனான். எனக்குத் தெரியும்."

இப்போதும் அவரோடு சப்பாத்து வாங்கப் போனால், கடை முழுக்க என்னை நடக்கவிடுகிறார். எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.