அக்காவின் வண்டிக்கு எடுத்த அளவு

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆளின் முகம் நினைவிருக்காது, முழங்கால் நினைவிருக்கும். மோட்டார் சைக்கிளை ஓட்டுபவரின் உடம்புக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். பட்டறைக்கு யார் வந்தாலும் வண்டியில் உட்காரவைத்து, கண்ணை மூடி, கையைத் தானாக நீட்டச் சொல்வார். கை போய் நிற்கும் இடத்துக்கு ஹேண்டில்பார் வந்தாக வேண்டும். ஆறடி உயரமுள்ள என்னைக் கண்டாலே அவருக்குக் கை அரிக்கும். "மாப்ள, முழங்கால் காதைத் தொடுது பாரு" என்று கேட்காமலே சீட்டைக் கழற்றி உயர்த்திவிடுவார். தொந்தி வக்கீலுக்கு ஹேண்டில்பாரைக் கிட்டே கொண்டுவந்தார். அன்றோடு வக்கீலின் முதுகுவலி நின்றது. வாய்தான் நிற்கவில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் அளவு பார்த்த மனிதர் சொந்த மனைவி விஷயத்தில் கோட்டை விட்டார்.

அக்கா ஐந்தடிகூட இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரவேண்டும். நிலையத்தில் கொடுத்த மோட்டார் சைக்கிளின் சீட்டு ஸ்பாஞ்சைப் பாதிக்கு மேல் அறுத்தெடுத்தார் மாமா. அக்காவின் இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிந்தன. அதோடு விட்டுவிட்டார். கண்ணை மூடச் சொல்லவில்லை, கையை நீட்டச் சொல்லவில்லை.

சீட்டு இறங்கியது, கால் வைக்கும் இடம் இறங்கவில்லை. முழங்கால் மேலே தூக்கி மடங்கி, இடுப்பு வலித்தது. இரண்டே மாதத்தில் அக்காவால் மாடிப்படி ஏற முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி மேசைமேல் வைத்துவிட்டாள். பதினோரு வருடம் வீட்டிலிருந்துவிட்டு ஆசைப்பட்டுப் போன வேலை. கடிதத்தை எடுத்து மாமா முன்னால் நீட்டினேன்.

"மாமா, அவ ஓட்டுறப்போ எப்படி உக்காந்திருக்கான்னு ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

"கால் நல்லா எட்டுதேடா."

அக்கா திரும்பினாள். "ஏங்க, நான் நிக்கிறது மொத்தமா பத்து நிமிஷம். ஓட்டுறது மூணு மணி நேரம். நிக்கிறதுக்கு மட்டும் அளவெடுத்தா எப்படி?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ விழுந்துடுவியோன்னு பயமா இருந்துச்சு."

"பயத்துக்கு நான் என்ன பண்ணட்டும்? இடுப்புவலி எனக்குல்ல?"

அன்று பட்டறைக்கு விடுமுறை. ஆனாலும் திறந்தார். சீட்டைப் பழைய உயரத்துக்கே ஏற்றினார். கால் நேராக இறங்கும்படி முன்பக்கம் இரண்டு ஓரத்தையும் ஒடுக்கமாகச் செதுக்கினார். அக்காவைக் கண்ணை மூடி உட்காரவைத்து, கை போன இடத்துக்கு ஹேண்டில்பாரைச் சாய்த்தார். கடைசியில் ஒரு காலின் முன்பாதம்தான் தரையைத் தொட்டது. மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் காலை அக்கா வண்டியைக் கிளப்பியபோது பின்னால் கேரியரைப் பிடித்தபடியே நின்றார்.

"விடுங்க, நேரமாச்சு."

விட்டார். தெருமுனையில் ஒரு வேன் குறுக்கே வந்தது. அக்கா பிரேக் போட்டு, வண்டியை லேசாகச் சாய்த்து, இடது காலை ஊன்றி நின்றாள். வேன் போனதும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். மாமா அரைமணி நேரம் வாசலைவிட்டு நகரவில்லை. சிரிக்கலாம் என்றுதான் பார்த்தேன், மனசு வரவில்லை.

மத்தியானம் வந்தவள் நேரே மாடியேறினாள். மாமா கீழிருந்து, "இடுப்பு எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"நாளையிலேர்ந்து இன்னும் ஆறு வீடு சேத்துக் கொடுத்திருக்காங்க," என்றாள் அக்கா. "சரின்னுட்டேன்."