தாரணி என்ன ஆகப் போகிறாள்?

போன வாரம் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மா தூரத்துச் சொந்தம். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"உங்க அண்ணன் புள்ள தாரணி இப்ப என்ன படிக்குதுங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். ப்ளஸ் டூ என்று சொல்லியிருக்கலாம். உடனே அடுத்த கேள்வி வரும் – என்ன குரூப்? அதற்கும் பதில் இருக்கிறது. அப்புறம் மூன்றாவது கேள்வி வரும் – என்ன ஆகப் போகுது? அங்கேதான் எனக்குத் தலை சுற்றும்.

"அது ஒரு பெரிய கதைங்க" என்றேன். அதற்குள் ரசம் வந்துவிட்டது. அவர் விட்டுவிட்டார். என்னைத்தான் அந்தக் கேள்வி விடவில்லை. அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்... கேட்டுவிட்டு நீங்களாவது தெளிவாக இருங்கள்.

செந்தில் அண்ணன் என் பெரியப்பா மகன். நாமக்கல்லில் லாரித் தொழில். டிரைவராக ஆரம்பித்து ஓனர் ஆனவர். இப்போது ஸ்டியரிங் பிடிப்பதில்லை. ஆனாலும் ரோட்டில் ஒரு லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டால் போதும், பேசிக்கொண்டிருப்பதை அப்படியே நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். தாரணி அவருக்கு ஒரே மகள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். மகள் டாக்டர் என்பதை அவள் நடை பழகிய நாளிலேயே அண்ணன் முடிவு செய்துவிட்டார். ஹாஸ்டலோடு இருக்கும் ஒரு பெரிய பள்ளியில் இடமும் பேசி வைத்திருந்தார்.

ரிசல்ட் வந்த வாரம் எனக்கு போன்.

"அம்மிணி, கெளம்பி வா. பாப்பா ஆட்டோமொபைல் படிக்கோணுமாமா. லாரிக்கு அடியில போயி படுக்கறதுக்குப் படிப்பு வேற!"

விசாரித்தால், பக்கத்து அரசுப் பள்ளியில் ப்ளஸ் ஒன்னில் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. அதில் ஆட்டோமொபைல் பாடம். தாரணி அதைத்தான் கேட்கிறாள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் நான், சேலம் பஸ் ஸ்டாண்ட் வந்து, நாமக்கல் பஸ் பிடித்துப் போனேன். வாசலிலேயே சுமதி அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பத்திரிகையில எழுதறவ. நீ சொன்னா கேப்பா."

அறைக்குள் போனேன். தாரணி கட்டிலில் சம்மணம் போட்டு, ஓடாத ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு கண்ணு, அப்பா சொல்றதுலயும் ஒரு நியாயம்..." என்று ஆரம்பித்தேன்.

"அத்தை, தொழிற்கல்வி படிக்கறவங்கள எளக்காரமாப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதான எழுதுனீங்க?"

எழுதினேன். இதே பத்தியில்தான்.

"அது பொதுவா எழுதினது சாமி."

"நான் பொதுவுல வரமாட்டேனுங்களா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதும்போது ஓடுகிற பேனா, சொந்த அண்ணன் மகள் என்றதும் ஏன் அப்படி நின்றுவிடுகிறது? பேச்சை மாற்றி, ஏன் ஆட்டோமொபைல் என்று கேட்டேன். லட்சியம், கனவு என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"ரெண்டு வருஷம் ஒரே ரூமுல ஒக்காந்து டெஸ்ட் மேல டெஸ்ட்டா எழுத என்னால முடியாதுங்க அத்தை. கை சும்மா இருந்தா எனக்குத் தலைக்குள்ள ஒண்ணும் ஏறறதில்ல."

அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் அவளிடம் இல்லை.

வெளியே வந்தேன். அண்ணன் எழுந்து நின்றார்.

"என்ன சொன்னா?"

"அவ சொல்றது சரியாத்தான் இருக்குதுங்ணா. நீங்க சொல்றதும் சரியா இருக்குது."

"இதைச் சொல்றதுக்கா சேலத்துல இருந்து பஸ் ஏறி வந்த?"

அவருடைய கோபமும் புரிந்தது. பிரேக் பிடிக்காத வண்டியை மலைப்பாதையில் இறக்கியவர். ராத்திரி மழையில் ஆக்சில் உடைந்து, ஊர் பேர் தெரியாத இடத்தில் வண்டியிலேயே கிடந்தவர். "நான் கிரீஸுல கெடந்தது எம்புள்ளையும் கெடக்கறதுக்கா?" என்று கேட்டார். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இதே கேள்விதான். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரரும் குமாரபாளையத்துத் தறிக்காரரும் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரரும் தங்கள் தொழிலால் வீடு கட்டினார்கள். கட்டிய வீட்டுக்குள் அந்தத் தொழிலை மட்டும் விடமாட்டார்கள்! பட்ட கஷ்டம் அப்படி. அதைத் தப்பு என்று சொல்ல நான் யார்?

கடைசியில் பஞ்சாயத்தை முடித்து வைத்தது சுமதி அண்ணி. சாயங்காலம் காபி கொண்டுவந்து வைத்தவர் திடீரென்று சொன்னார்.

"புள்ளைய ஹாஸ்டல்ல போட்டுப்போட்டு நான் இந்த ஊட்டுல செவுத்தப் பாத்துட்டு ஒக்காந்திருக்கறதா? பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கே போகட்டும்."

தாரணி தொழிற்கல்வியில் சேர்ந்தது இப்படித்தான். என் பத்தியாலும் இல்லை, அவள் வாதத்தாலும் இல்லை. அண்ணிக்குத் தனியாக இருக்கப் பயம்.

சேர்ந்த பிறகு அண்ணன் மகளிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளைப் பற்றி, "இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்று அண்ணியிடம் சொல்வார். அண்ணி மகளைப் பார்ப்பார். மகள் தலையாட்டுவாள். மாதக்கணக்கில் இப்படியே தோசை போய் வந்தது.

பிறகு பயிற்சிக் காலம் வந்தது. இந்தப் பிரிவில் படிக்கிற பிள்ளைகள் கொஞ்ச நாள் வெளியே ஒரு தொழிலிடத்துக்குப் போய் வேலை பழக வேண்டும். தாரணிக்கு ராஜேந்திரன் என்பவரின் லாரிப் பட்டறை கிடைத்தது. அண்ணனின் வண்டிகளும் வழக்கமாகப் போகிற பட்டறைதான். முதல் வாரம் முடிந்ததும் எனக்கு போன் செய்தாள்.

"எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதுங்க அத்தை. சேர் போட்டிருக்காங்க. ஃபேன் காத்து வருது. போன் வந்தா எடுக்கறேன், டீ சொல்லி விடறேன்."

"வேலை?"

"எங்க கிளாஸ் பசங்க வண்டிக்கு அடியில படுத்துப் பாக்கறாங்க. நான் பசங்களப் பாக்கறேன்."

சிரிக்க முயன்றாள். முடியவில்லை. வகுப்பில் பெண் பிள்ளை அவள் ஒருத்திதான்.

அந்த சனிக்கிழமை நான் நாமக்கல் போயிருந்தேன். அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். கிரீஸ் படாமல் மகள் சேரில் உட்கார்ந்திருக்கிறாள்... அவர் ஆசைப்பட்டதும் அதுதானே? சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் சட்டையை மாட்டினார். "வா" என்றார். பைக்கில் ஏறினேன்.

பட்டறையில் தாரணி சேரில்தான் இருந்தாள்.

"ராஜேந்திரா, எம்புள்ள இங்க எதுக்கு வந்திருக்கறா?"

"கத்துக்கறதுக்குங்ணா."

"சேர்ல ஒக்காந்து என்னத்தக் கத்துக்கறா?"

ராஜேந்திரன் நெளிந்தார். "பொம்பளப் புள்ளைங்ணா. அதுவும் உங்க புள்ளை. மேல ஆயில் கீயில் பட்டா நாளைக்கு உங்க மூஞ்சில எப்புடிங்ணா முழிக்கறது?"

"பொம்பளப் புள்ளைன்னு எனக்குத் தெரியும். ஸ்பேனருக்குத் தெரியுமா?"

"இந்தப் படிப்பே வேண்டாம்னு நீங்கதானுங்ணா லாரி ஸ்டாண்ட் பூராவும் சொல்லிட்டிருந்தீங்க?"

"சொன்னேன். இப்பச் சேந்தாச்சில்ல? சேந்ததுக்கப்புறம் அரைகொறையாவா படிக்கறது?"

அண்ணனின் வண்டி ஒன்று பிரேக் வேலைக்காக அங்கே நின்றிருந்தது. தாரணி அதனடியில் போனாள். சக்கரம் கழற்றியாகிவிட்டது. பிரேக் டிரம்மை இறக்க இரண்டு பசங்கள் கை கொடுத்தார்கள். தேய்ந்த லைனரை அவளே பிரித்தாள். நேரம் பிடித்தது. ஒரு தடவை ஸ்பேனர் நழுவி விரல் கணுவில் தோல் பிய்ந்தது. அண்ணன் இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கட்டியிருந்த அந்தக் கைகள் சும்மா இல்லை. ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருந்தன. அவள் முகமெல்லாம் கறுப்புத் தூள்.

அவர் குனிந்தார். "கண்ணுல தூசி பட்டுருச்சா சாமி?"

மாதக்கணக்கில் நேராகப் பேசாதவர் பேசிய முதல் வார்த்தை.

"இல்லீங்கப்பா" என்றாள்.

நானாக இட்டுக்கட்டிய கதை என்றால் இங்கேயே முடித்திருப்பேன். அப்பா மனம் மாறினார், சுபம். ஆனால் அண்ணன் மாறியது கொஞ்சமா? நூறடி மாறவேண்டிய மனிதர் மைல் கணக்கில் மாறிவிட்டார்! லாரி ஸ்டாண்டில் பார்க்கிறவரிடமெல்லாம் "எம்புள்ள டிரம் கழட்டறா" என்றார். பைபாஸ் பக்கம் பட்டறைக்கு இடம் பார்க்க ஆரம்பித்தார். 'தாரணி லாரி ஒர்க்ஸ்' என்று பெயர் வரைக்கும் முடிவாகிவிட்டது. டாக்டர் பேச்சு போன இடம் தெரியவில்லை.

அண்ணிதான் கேட்டார். "மொதல்ல ஸ்டெதஸ்கோப்பு, இப்ப ஸ்பேனர். புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால், பயிற்சியின் கடைசி வாரத்தில் அந்தப் பட்டறைக்கு இன்னொருவர் வந்தார்.

மூலையில் விபத்தில் நசுங்கிய ஒரு லாரி வெகு நாளாகக் கிடந்தது. அதன் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். வண்டியைச் சுற்றி வந்தார், டேப் வைத்து அளந்தார், போட்டோ எடுத்தார். கேபின் நசுங்கியது இந்த விபத்தில்; ஆனால் பின்னால் இருக்கும் விரிசல் பழையது என்றார். தாரணி அவர் பின்னாலேயே சுற்றியிருக்கிறாள். அன்று சாயங்காலம் போனில் அவள் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

"அத்தை, ஒடைஞ்சதப் பாத்தே எப்புடி ஒடைஞ்சுதுன்னு சொல்றாருங்க! எந்தப் பக்கம் இருந்து இடிச்சுது, ஸ்டியரிங்க எப்பத் திருப்புனாங்க, எல்லாமே. அந்த வேலைக்கு என்னங்க அத்தை படிக்கோணும்?"

அப்படி ஒரு வேலைக்குப் படிக்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அப்ப மெக்கானிக் வேலை பிடிக்கலையா?"

"புடிச்சிருக்குதுங்க. தெனமும் பண்றதுக்குத்தான் புடிக்கல."

அண்ணனுக்கு விஷயம் போனது. அவர் அதிர்ச்சியை விளக்க வேண்டுமானால், லாரி ஓனர்களுக்கு சர்வேயரைக் கண்டால் எப்படி இருக்கும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

"சர்வேயரா? நம்ம வண்டி பொரண்டப்ப 'இது பழைய அடி, அது பழைய அடி'ன்னு க்ளெய்மக் கொறைச்சானே, அவனா ஆவப் போறா? கெரகம்... எதிர்க்கட்சிக்கா போறா!"

நானும் நாலு பேரிடம் விசாரித்தேன். இன்ஜினியரிங் முடித்தால்தான் நல்லது என்றார் ஒருவர். டிப்ளமோ போதும் என்றார் இன்னொருவர். தொழிற்கல்வி படித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷமே சேரலாம் என்றார் ஒரு வாத்தியார். எதற்கும் சட்டம் படிக்கச் சொல்லுங்கள் என்றார் ஒரு வக்கீல். கேட்கக் கேட்கக் குழம்பினேன்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. லாரி வேலை பழகப் போனவள், லாரி வேலை தனக்கில்லை என்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். அப்படியானால் அந்தப் படிப்பு ஜெயித்ததா, தோற்றதா? 'பிடித்ததைத் தேர்ந்தெடு' என்று பிள்ளைகளிடம் நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கண்ணால் பார்க்காத ஒன்று எப்படிப் பிடிக்கும்? ஹாஸ்டலில் உட்கார்ந்து டெஸ்ட் எழுதியிருந்தால் அந்த சர்வேயரை அவள் பார்த்திருக்கவே மாட்டாள். ஒருவேளை, நல்ல டாக்டராகியும் இருப்பாள். யார் கண்டது?

கல்யாணம் முடிந்து நேராக நாமக்கல்லுக்குத்தான் போனேன். அண்ணன் ஊஞ்சலில், அண்ணி படியில். தாரணி பள்ளியில் செய்முறை வகுப்பு முடிந்து வந்து, நகத்திலிருந்த கறுப்பை சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீயே சொல்லு சாமி. கடைசியா என்னதான் ஆவப் போற?"

அவள் கையைக் கழுவி, பாவாடையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னும் தெரியலீங்கப்பா. மொதல்ல பாலிடெக்னிக் சேந்து பாக்கறேன். தெரிஞ்சதும் உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லுவேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

பெரியவர்கள் நாங்கள் மூன்று பேரும் இத்தனை நாளாகப் பேசித் தீர்த்ததில், இவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியம்கூட இல்லை!