அந்தக் குன்று எந்த நாட்டில் இருக்கிறது?

கல்மண்டபத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஜெருசலேம், பெத்லகேம் யாத்திரைக்கு டிக்கெட், ரூம், இன்சூரன்ஸ் எல்லாம் போட்டுக் கொடுப்போம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. இன்சூரன்ஸ்காரர் கேட்டது

எங்கள் நெட்டுக்குப்பம் மீனவர் குப்பத்து ஸ்டெல்லா அக்கா இதயத்தில் வால்வு மாற்றியவர். மெடிக்கல் இன்சூரன்ஸ் கிடைத்தால்தான் அனுப்புவேன் என்று அவர் மகன் சொல்லிவிட்டார். ரூம் போட்டிருந்தது பெத்லகேமுக்கு அருகே, குன்றின்மேல் இருந்த சின்ன யூதக் குடியிருப்பின் விடுதியில். இன்சூரன்ஸ் அதிகாரி போனில் கேட்டார்: "பாலிசி இஸ்ரேலுக்குத்தான். இந்த இடம் இஸ்ரேல்தானா?"

எங்கள் ஓனர் நிமிரவே இல்லை. "இஸ்ரேல்னு போட்டு அனுப்புடா. நீ போயி அளந்து பாத்தியா?"

தேடிப் படித்தேன். 1967 போரில் இஸ்ரேல் பிடித்த மேற்குக் கரையில் அது இருக்கிறது. முதலில் ராணுவ முகாம். பிறகு சில குடும்பங்கள், வீடுகள், பள்ளிக்கூடம். சட்டவிரோதம் என்கின்றன பெரும்பாலான நாடுகள். இஸ்ரேல் அரசு அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் மேற்குக் கரையை முறைப்படி தன் நாட்டோடு சேர்த்துக்கொள்ளவும் இல்லை. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது.

விடுதிக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மா, "இஸ்ரேல்தான், இதிலென்ன சந்தேகம்?" என்றார். பெத்லகேமில் எங்கள் குழுக்களுக்கு வண்டி ஓட்டும் பாலஸ்தீன டிரைவரைக் கேட்டேன். "அது என் அப்பாவின் ஒலிவத் தோட்டம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

2. பட்டா

ஸ்டெல்லா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரோடு கீது, கரண்ட்டு கீது, பட்டா மட்டும் இல்ல. அப்போ நம்ம குப்பம் மாதிரின்னு சொல்லு."

"அங்க கீறவங்கள அரசாங்கமே கூட்டியாந்து வச்சிதுக்கா. நாம முன்னாடியே இருந்தவங்க. நம்ம எடத்துல கரண்ட் எடுக்கற கம்பெனிதான் அப்புறமா வந்துது."

"அப்டின்னா நாம அந்த டிரைவர் மாதிரியா?" என்றார் அக்கா. "இன்னா நைனா, சாமி கும்புட போறவள இப்டி பேஜார் பண்றியே. அந்த ரூமு வேணாம். எனக்குத் தூக்கம் வராது."

பெத்லகேம் ஊருக்குள் வேறு ரூம் போட்டோம். பாலஸ்தீனப் பகுதியையும் சேர்த்து எழுதிய பாலிசி கிடைத்தது. அக்கா போய் வந்துவிட்டார்.

அடுத்த குழுவுக்கு ஓனர் மறுபடியும் அதே விடுதியைச் சொன்னார். சீப் என்றார். அது எந்த நாடு என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை மட்டும் ரூம் போடுவதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுகிறேன். ஓனர் திட்டுகிறார். நீங்களும் சொல்லிவிடுங்கள்.