பயற்றம் உருண்டையில் வந்த எட்டு

என் தங்கை தனுஷியாவுடன் அன்னாசிப்பழம் வாங்கப் போகிறவருக்கு வேறு அவசர வேலை இருக்கக் கூடாது. பழத்தை அவள் முகர்ந்து பார்ப்பதில்லை. தலைகீழாகப் பிடித்து, அதன் கண்கள் சாய்ந்து ஏறும் வரிசைகளைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவாள். ஒரு பக்கம் சாய்ந்தால் எட்டு வரிசை, மறுபக்கம் சாய்ந்தால் பதின்மூன்று. அடுத்த பழத்திலும் அதேதான் வரும். வந்ததும், பரீட்சையில் பாஸ் பண்ணிய பிள்ளையைப் பார்ப்பதுபோல அந்தப் பழத்தைப் பார்ப்பாள். வெள்ளவத்தைச் சந்தையில் பழம் விற்கும் சிங்களவர் ஒரு நாள் பொறுமையிழந்து, "நங்கி, கன்னத, கணன் ஹதன்னத?" என்று கேட்டார். சாப்பிடவா, கணக்குச் செய்யவா என்று அர்த்தம். தனுஷியா யோசித்துவிட்டு இரண்டுக்கும்தான் என்றாள்.

எங்கள் வீட்டில் பப்பாசிப்பழத்தை நீளமாக வெட்டக் கூடாது. குறுக்கே வெட்டினால்தான் நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். வாழைப்பழத்துக்கு மூன்று. அரலியாப் பூவுக்கு ஐந்து இதழ், அதுவும் ஒன்றன்மேல் ஒன்று ஒரே பக்கம் சுழன்று. கோலிபிளவரை அம்மா கத்தியோடு நெருங்கினால், "கொஞ்சம் பொறுங்கோ" என்று வாங்கிக்கொண்டு யன்னலடிக்குப் போய்விடுவாள். அன்றைக்குக் கறி தாமதமாகும். யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எண்ணிப் பார்த்தாள், திரும்பத் திரும்ப ஒரே இலக்கங்கள் வந்தன. பிறகு யூரியூப்பில் பார்த்தபோது, உலகம் முழுக்க ஆட்கள் எண்ணிக்கொண்டிருப்பது தெரிந்து, ஏதோ தன் சொந்தக்காரரைக் கண்டுபிடித்ததுபோல இரண்டு நாள் துள்ளித் திரிந்தாள்.

நான் அவளைவிட ஐந்து வயது மூத்தவன். ஓ.எல். பரீட்சை எழுதிய கையோடு ஓட்டோ ஓட்ட வந்தவன். அவள் வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு பார்மசியில் வேலை செய்தாள். கடை பூட்டிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கலியாணத் தட்டுகள் அலங்கரித்துக் கொடுப்பாள். முதலில் சொந்தக்காரருக்கு மட்டும்தான் செய்தாள். அவளுடைய தட்டில் வெற்றிலை வெறுமனே கிடக்காது, தாமரை மொட்டு விரிவதுபோல விரியும். அப்படி ஒரு தட்டின் படத்தைப் பார்த்துவிட்டு, ஹெவ்லொக் டவுனிலிருந்து முன்பின் தெரியாத ஒரு வீட்டார் பதினொரு தட்டுக்கு ஓடர் தந்தார்கள். மகள் துஷ்யந்திக்குக் கலியாணம். தனுஷியா அந்த வாரமே பார்மசி முதலாளியிடம், மாதம் முடிய வேலையை விட்டு நின்றுவிடப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். இந்த ஓடர் நல்லபடியாகப் போனால் தட்டு வேலையே தொழில். தட்டுகள் திரும்பி வந்தால், வெள்ளவத்தையில் அந்தக் கதை நாங்கள் வீடு போய்ச் சேருமுன் போய்ச் சேர்ந்துவிடும். அவளும் முதலாளி முன்னால் போய்த் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

பலகாரம் எப்போதும் கலியாண வீட்டிலேயே செய்வார்கள். அடுக்கி அழகாக்குவதுதான் எங்கள் வேலை. மணப்பெண்ணின் பெரியம்மா சிவக்கொழுந்து, பயற்றமாவை வறுத்துச் சீனி சேர்த்துப் பிடித்த உருண்டைகளை இரண்டு டின்னில் அனுப்பியிருந்தார். எல்லோரும் இதைக் கோபுரமாக அடுக்குவார்கள். தனுஷியா அடுக்கவில்லை. காட்போட்டில் ஒரு துண்டு வெட்டினாள். முழு வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடிய துண்டு. நடுவில் ஒரு உருண்டை. அடுத்ததைத் துண்டு காட்டும் அளவு திருப்பி, கொஞ்சம் வெளியே. அதற்கடுத்தது இன்னும் அவ்வளவு திருப்பி, இன்னும் கொஞ்சம் வெளியே. முதலில் கண்டபடி கொட்டிக் கிடப்பதுபோலத்தான் இருந்தது. நாற்பது ஐம்பது வைத்த பிறகு, சூரியகாந்திப் பூவின் நடுப்பக்கம் போல வரிசைகள் தாமாகவே சுழன்று எழுந்தன. ஓரத்தில் மல்லிகைச் சரம் சுற்றி முடித்தாள். நான் மற்றத் தட்டுகளை முதலே இறக்கிவிட்டு வந்து, அந்தத் தட்டை மட்டும் பின்சீற்றில் அவள் மடியில் வைத்து, ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறுகிற வேகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பின்னால் வந்தவர்கள் அடித்த ஹோர்னைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

கலியாணத்துக்கு முதல் நாள் காலை. சிவக்கொழுந்து அம்மா வாசலிலேயே தட்டுகளை எண்ணினார். பதினொன்று, ஒற்றைப்படை, சரி. ஒவ்வொரு தட்டிலும் வெற்றிலையை எண்ணினார், பழத்தை எண்ணினார், எல்லாம் ஒற்றைப்படை. உருண்டைத் தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தன் உருண்டை இவ்வளவு வடிவாக இருக்குமென்று தனக்கே தெரியாது என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். தனுஷியாவால் விட முடியவில்லை. அந்தச் சுழல்களைப் பாருங்கோ என்று விரலால் காட்டினாள். எண்ணும் பழக்கமுள்ள ஒருவரிடம் போய் எண்ணத்தக்க ஒன்றைக் காட்டினால் என்ன நடக்கும்? எண்ணினார்.

"எட்டு" என்றார். "கலியாண வீட்டுக்குள்ள சனியின்ர எண்ணைக் கொண்டுவந்து வைக்கிறியே பிள்ளை?"

"நான் வைக்கேல்லை அன்ரி. அது தானா வாறது. மற்றப் பக்கமாச் சுத்தி எண்ணினா எட்டில்லை."

"பின்னை?"

"பதின்மூண்டு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். "பதின்மூண்டு பறவாயில்லை. அது வெள்ளைக்காரருக்குத்தான் கூடாது. எட்டு எங்களுக்குக் கூடாது. இதைக் கலைச்சுப்போட்டுக் கோபுரமா அடுக்கு. ஏலாதெண்டால் எல்லாத் தட்டையும் கொண்டு போ."

தனுஷியாவின் காதுக்குள், கோபுரமாகவே அடுக்கிவிடு, பார்மசியை நினை என்று சொன்னேன். கலைப்பது ஐந்து நிமிட வேலை. அவள் என்னைப் பார்க்கவேயில்லை, தட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெரியம்மாவிடம், குசினியில் இன்னும் உருண்டை இருக்கிறதா என்று கேட்டாள். வாறவை போறவைக்கென்று ஒரு பெரிய டின் இருப்பதாக அவர் சொன்னார்.

"அதைத் தாங்கோ. எட்டும் பதின்மூண்டும் கூட்டினா இருபத்தொண்டு. வெளியில போகப் போக அதுதான் வரும்."

மல்லிகைச் சரத்தைக் கழற்றினாள். காட்போட் துண்டைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். அதைக் கூடவே கொண்டு வந்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் உருண்டையை எடுத்துக் கொடுக்க, அவள் திருப்பித் திருப்பி வைக்க, பெரியம்மா கதிரையை இழுத்துப்போட்டுக் காவல் இருந்தார். மணப்பெண்கூடத் தலைக்கு எண்ணெயோடு வந்து எட்டிப் பார்த்தாள். வட்டம் பெருத்தது. எட்டு வரிசையாகத் தெரிந்தவை வெளியே வரவர ஒன்றிலிருந்து ஒன்று விலகிக் கலைந்தன. அவற்றுக்கிடையில் இன்னும் நெருக்கமாக, இன்னும் செங்குத்தாக வேறு வரிசைகள் எழுந்தன. தட்டின் விளிம்பு வந்ததும் தனுஷியா நிறுத்தினாள்.

பெரியம்மா விளிம்பைச் சுற்றி எண்ணினார். இருபது என்றார்.

தனுஷியா அரைத்த சந்தனத்தில் ஒரு துளி எடுத்து ஒரு உருண்டையில் பொட்டு வைத்து, "இதிலயிருந்து எண்ணுங்கோ அன்ரி, எங்க துடங்கினதெண்டு மறந்துபோகும்" என்றாள். பெரியம்மா இந்த முறை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பொட்டுக்கு முந்திய வரிசையில் நின்றபோது இருபத்தொன்று. மற்றப் பக்கம் பதின்மூன்று. சந்தேகம் தீர, மணப்பெண்ணையும் எண்ண வைத்தார்.

"நடுவில பாத்தா இன்னும் எட்டு இருக்குது" என்றாள் துஷ்யந்தி. உதவி செய்வதாக நினைப்பு.

பெரியம்மா அவளை முறைத்தார். உள்ளே போய் வெள்ளிக் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து தட்டின் நடுவில் வைத்தார். எட்டு மறைந்தது. "இப்ப இருக்கோ?" என்று கேட்டார். இல்லையென்று நாங்கள் எல்லோரும் சொன்னோம்.

மறுநாள் மண்டபத்தில், மாப்பிள்ளை வீட்டார் உருண்டையில் கை வைக்கப் போனபோதெல்லாம், முதலில் எண்ணுங்கோ என்று பெரியம்மா மறித்தாராம். எண்ணியவர்களுக்குத்தான் உருண்டை. ஓடர்கள் வரத் தொடங்கின. மாதம் முடிய, சொன்னபடியே தனுஷியா பார்மசியிலிருந்து நின்றாள். முதலாளி பிரிவுபசாரமாக ஒரு அன்னாசிப்பழம் கொடுத்தார்.

இப்போது தொல்லை வேறு விதம். ஆட்கள் தங்களுக்குப் பிடித்த இலக்கத்தைக் கேட்கிறார்கள். போன கிழமை கிருலப்பனையிலிருந்து ஒரு அம்மா, மகனின் கலியாணத்துக்கு ஐம்பத்தொரு சுழல் வேண்டுமென்று போன் பண்ணினார்.

"ஐம்பத்தொண்டு வராது அன்ரி" என்று தனுஷியா விளங்கப்படுத்தினாள். "இருபத்தொண்டுக்கு அடுத்தது முப்பத்திநாலு. அதுக்கு அடுத்தது ஐம்பத்தஞ்சு."

முப்பத்திநாலு இரட்டைப்படை, ஆகவே ஐம்பத்தைந்தே இருக்கட்டும் என்று அந்த அம்மா இறங்கி வந்தார். தனுஷியா போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். ஆயிரத்துக்கு மேல் உருண்டை. அந்தத் தட்டு எங்கள் வாசலாலும் போகாது, என் ஓட்டோவிலும் ஏறாது. அதனால் உருண்டைக்குப் பதில் கொண்டைக்கடலையில் செய்யப் போகிறாள். நான் மேசையடியில் உட்கார்ந்து ஒரே அளவான கடலையாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.